திருப்பதி சண்டையும் ஒரு புத்தகப் பட்டியலும்

போன தீபாவளிக்கு இங்கே நியூஜெர்சியில் நண்பர் வீட்டில் ஒரு பாட்லக். மேஜையின் இந்தக் கோடியில் வத்தக்குழம்பு, அந்தக் கோடியில் கோங்குரா பச்சடி, நடுவில் யாரோ மெனக்கெட்டுப் பிடித்துக்கொண்டு வந்த லட்டு. "அப்படியே திருப்பதி லட்டு மாதிரி இருக்கே" என்று ஒரு அம்மணி சொல்ல, அங்கேதான் ஆரம்பித்தது வினை. அரை மணி நேரத்தில் பேச்சு "திருப்பதி யாருது?" என்பதில் வந்து நின்றது.

குண்டூர்க்காரர் ஒருவர் (தங்கமான மனுஷர், பனி கொட்டினால் தன் வாசலோடு சேர்த்து என் வாசலையும் வழித்துத் தள்ளுபவர்) "திருப்பதி எப்பவும் ஆந்திராதானே சார்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கையில் பேப்பர் தட்டை வைத்துக்கொண்டே மூன்று குண்டுகளைப் போட்டேன். ஒன்று, திருமலைக் கல்வெட்டெல்லாம் தமிழ். இரண்டு, சித்தூர் ஆதியிலிருந்தே தமிழ் ஜில்லா. மூன்று, 1953-ல் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவர் பதிலுக்கு அன்னமய்யாவைப் போட்டார், கிருஷ்ணதேவராயரைப் போட்டார். வீட்டுக்காரம்மா பாயசம் கொண்டுவந்து சமாதானம் செய்து வைத்தார்.

திரும்பி வரும்போது காரில், பத்தாவது படிக்கிற என் மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க சொன்ன மூணு பாயின்ட்டும் எந்த புக்ல இருக்கு?"

பதில் இல்லை. எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. மூன்றும் பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னவை. அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்று சொல்லிவிடுகிறேன். நான் சித்தூர்க்காரன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ். கணக்கைத் தெலுங்கில் போடுவோம், சண்டையைத் தமிழில் போடுவோம். ரயில் ஏறினால் இந்தப் பக்கம் காட்பாடி, அந்தப் பக்கம் பாகாலா வழியாகத் திருப்பதி. சென்னைக்குப் போனால் "நீங்க தெலுங்கா?" என்பார்கள். ஹைதராபாத் போனால் "அரவம்" என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கத்திலும் விருந்தாளியாகவே இருந்து பழகியவனுக்கு "எப்பவும் ஆந்திராதானே" என்கிற ஒரு வாக்கியம் எங்கே போய்க் குத்தும் என்று உங்களில் எல்லையோர ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மகளுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்பதும் இதில் இருக்கிறது.

சரி, படித்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். முதல் காரியமாக எக்செல்லைத் திறந்தேன் (ஐடிக்காரன் புத்தி). ஆர்க்கைவ் டாட் ஆர்க் தளத்திலும் நூலகங்களின் கேட்டலாகிலும் "திருப்பதி" என்று தட்டி, வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன். ஸ்தல புராணம், ஆழ்வார் பாசுர உரை, யாத்திரை கைடு, விஜயநகர வரலாறு, இன்னபிற. மொத்தம் 43 வரிசை. பார்க்கவே பெருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் மூன்று புத்தகம் பாதிப் பாதி படித்து, அந்தக் கோப்பை மூடியவன் மூடியவன்தான்.

பிறகு யோசித்ததில் தப்பு புரிந்தது. அது ஒரு ஊரின் பெயருக்குப் போட்ட பட்டியல். ஊருக்கு முடிவு கிடையாது. எதைப் படித்தாலும் பட்டியலில் சேரும், எதைப் படிக்காவிட்டாலும் ஒன்றும் குறையாது. "கட்டாயம் படிக்க வேண்டிய 100 நூல்கள்" என்று வருடா வருடம் வருகிற பட்டியல்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு அவநம்பிக்கை உண்டு. அதற்கும் இதுதான் காரணம். அவற்றை வைத்து அலமாரி நிரம்பும், ஒரு விஷயமாவது தெரிந்துகொண்டோமா என்றால் இல்லை.

இரண்டாவது தடவை, அன்று நான் போட்ட மூன்று குண்டுகளையும் மூன்று கேள்விகளாகத் திருப்பி எழுதினேன். திருமலைக் கல்வெட்டுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? சித்தூர் ஜில்லா எப்படி உண்டானது? 1953-ல் நடந்தது என்ன, யார் எதை வைத்து முடிவு செய்தார்கள்? கேள்வி என்றால் அதற்கு "நீ சொன்னது தப்பு" என்று ஒரு பதில் வர வழி இருக்க வேண்டும். என்னைத் தோற்கடிக்க முடியாத கேள்வியை வைத்துக்கொண்டு புத்தகம் தேடினால், எனக்கு ஜால்ரா தட்டும் புத்தகங்களாகவே கிடைக்கும். அதற்குப் பெரியப்பாவே போதும்.

அடுத்தது வரிசை. இங்கேதான் நண்பர்களோடு எனக்குத் தகராறு. தமிழ்ப் பள்ளி நடத்துகிற நண்பர் "தொல்காப்பியப் பாயிரத்திலிருந்து ஆரம்பி, அப்புறம் சங்கம், சிலம்பு, ஆழ்வார்கள், அப்படியே கீழே வா" என்றார். எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லை வேங்கடம் என்று அந்தப் பாயிரம் சொல்வது நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அங்கே ஆரம்பித்தால் முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவது போலாகிவிடும். அதனால் நான் தலைகீழாகப் போனேன். கிட்டே இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது கடைசியில். 1960, 1953, 1911, பதினாறாம் நூற்றாண்டு, அப்புறம் மேலே. கிணறு வெட்டுகிறவன் மேல்மண்ணிலிருந்துதானே தொடங்குகிறான்.

முதல் புத்தகம் ம.பொ.சி.யின் 'எனது போராட்டம்'. அச்சுக்கோப்பாளராக வாழ்க்கையைத் தொடங்கி, 1946-ல் தமிழரசுக் கழகம் கண்டு, வடக்கெல்லைக்காகச் சிறை சென்றவர். களத்தில் நின்றவர் எழுதிய கதை என்பதால் சூடு குறையாமல் இருக்கிறது. படிக்கும்போது பெரியப்பாவின் குரலே கேட்டது. அவர் திண்ணையில் சொன்னதன் மூலம் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும்.

அதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த பாட்லக்கில் இன்னும் சத்தமாகக் கத்தியிருப்பேன். ஆனால் ஒரு விதி வைத்திருந்தேன்: ஒரு பக்கத்தின் புத்தகம் ஒன்று முடித்தால், அடுத்தது எதிர்ப்பக்கத்துக் கதையைச் சொல்கிற ஒன்று. அப்படி வந்தது கே.வி. நாராயண ராவ் 1973-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஆந்திரப் பிரதேசத்தின் தோற்றம்' பற்றிய நூல். ஆந்திர இயக்கத்தின் கதையை அவர்கள் பக்கத்திலிருந்து, அடுக்கடுக்காகச் சொல்கிறது. ஒரே வருடங்கள், வேறு சினிமா.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எலும்புக்கூடு தெளிவாகத் தெரிகிறது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். நாலே நாளில், டிசம்பர் 19 அன்று, நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1 அன்று மாநிலம் உதயமானது, சித்தூர் ஜில்லா முழுசாக அதற்குள் போனது. எல்லைப் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தப் "பிறகு" ஏழு வருடம் இழுத்தது. எச்.வி. படாஸ்கர் நடுவராக இருந்து, கிராமத்தை அலகாகவும், அங்கே எந்த மொழிக்காரர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை அளவாகவும் வைத்துப் பேசி முடித்தார். 1959-ல் சட்டம், 1960 ஏப்ரல் 1 முதல் அமல். திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது.

பெரியப்பா திருத்தணி வந்த கதையைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். அதே சட்டத்தில் செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போன கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்று நினைக்கவில்லை. அவருக்குச் சொன்னவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். குண்டூர்க்காரர் வீட்டுத் திண்ணையிலும் இதே போல ஒரு பாதி விட்டுப்போயிருக்கும்.

என் மூன்றாவது குண்டு பாதி நமுத்தது இங்கே. 1953-ல் கிராமம் கிராமமாகப் பார்க்கவில்லை என்பது உண்மை. அளவுகோல் ஜில்லாவாக இருந்தது. 1960-ல் அளவுகோல் கிராமமாக மாறியதும் கோடும் மாறியது. ஜில்லாவை எடுத்தால் ஒரு பதில், தாலுகாவை எடுத்தால் ஒரு பதில், கிராமத்தை எடுத்தால் இன்னொரு பதில். "யாருது?" என்று கேட்கிறவர் முதலில் "எதை அளக்கிறாய்?" என்று கேட்க வேண்டும் என்பது இரண்டு புத்தகத்தையும் சேர்த்துப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தனித்தனியாகப் படித்தபோது உறைக்கவில்லை.

இரண்டாவது குண்டு இன்னும் மோசமாக வெடித்தது, அதுவும் என் காலடியிலேயே. சித்தூர் ஜில்லா என்று ஒன்று 1911 ஏப்ரல் 1-க்கு முன்னால் கிடையாது! அதுவரை சித்தூர், வடஆற்காடு ஜில்லாவின் தலைநகரம். வேலூரும் ஆற்காடும் குடியாத்தமும் சித்தூர் கலெக்டரின் கீழ். வெள்ளைக்காரன் வடஆற்காட்டின் தாலுகாக்கள் சிலவற்றையும், கடப்பை ஜில்லாவிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்து ஒட்டுப்போட்டதுதான் நான் "ஆதியிலிருந்தே" என்று சொன்ன ஜில்லா. இந்தப் பக்கம் தமிழ் கேட்கிற ஊர்கள், அந்தப் பக்கம் கடப்பைத் தெலுங்கு. ஒட்டுப்போட்ட துணியை நாற்பது வருடம் கழித்து எடுத்து "இது எந்தக் கலர்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இதற்கு நான் படித்தது ஆர்தர் காக்ஸ் 1881-ல் எழுதி, பிறகு ஸ்டூவர்ட் திருத்தி விரிவாக்கிய வடஆற்காடு மேனுவல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காளஹஸ்தி, கார்வேட்டிநகரம் ஜமீன்கள், ஏரிகள், பயிர்கள், சாதிகள் என்று போகும். கலெக்டர் ஆபீஸ் பார்வைதான், சில இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆனால் எல்லைச் சண்டை பிறப்பதற்கு முன்னால் எழுதியது என்பதால், அந்த விஷயத்தில் அதற்குக் கட்சி இல்லை. பட்டியலில் இப்படி ஒரு புத்தகமாவது இருக்க வேண்டும், அதாவது நம் சண்டையைப் பற்றிக் கேள்விப்படாத ஒரு புத்தகம்.

(2022 ஏப்ரலில் ஜில்லாக்களை மறுபடி பிரித்தார்கள். திருப்பதி தனி ஜில்லாவானது, மதனப்பள்ளி அன்னமய்யா ஜில்லாவுக்குப் போனது. "சித்தூர் ஜில்லா, திருப்பதி" என்று கவரில் எழுதிப் பழகிய கை எனக்கு.)

நடுவில் ஒரு ஜோடியைச் சொல்லாமல் போக முடியாது. சுமதி ராமஸ்வாமி 1997-ல் தமிழ்ப் பற்று பற்றி எழுதிய 'பேஷன்ஸ் ஆஃப் தி டங்', லிசா மிட்செல் 2009-ல் தெலுங்கு 'தாய்மொழி' ஆன கதையை எழுதிய நூல். இரண்டும் பல்கலைக்கழக நடை, கொஞ்சம் கடினம். ஒன்றை மட்டும் படித்தால் கோபம் வரும். இரண்டையும் படித்தால், தமிழை அம்மாவாகப் பார்த்த நாமும் தெலுங்கை அம்மாவாகப் பார்த்த அவர்களும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் அதைச் செய்யக் கற்றுக்கொண்டோம் என்று தெரிகிறது. எல்லாவற்றையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மொழிக்காக உயிர் விட்டவர்களைப் பற்றி இத்தனை தள்ளி நின்று எழுத முடியுமா என்று சில பக்கங்களில் தோன்றியது. ஆனாலும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன்.

இனி கல்வெட்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமலை திருப்பதி தேவஸ்தானம், சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்கிற கல்வெட்டு அறிஞரை வைத்து, 1930-ல் ஓர் அறிக்கையும் அதையடுத்து 1930-களிலேயே ஆறு தொகுதிகளும் வெளியிட்டது. முதல் தொகுதி பழைய கல்வெட்டுகள், அப்புறம் சாளுவ நரசிம்மன், கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர், சதாசிவராயர், கடைசியில் வேங்கடபதிராயரும் பிறகு வந்தவர்களும். மூலமும் இருக்கிறது, ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள், மிகப் பெரும்பகுதி தமிழ். ஆக, முதல் குண்டு சரி! என்று துள்ளினேன்.

துள்ளல் இரண்டு வாரம் நீடித்தது. தலைப்பை விட்டு உள்ளே படிக்க ஆரம்பித்ததும் கதை வேறாகப் போனது. தாள்ளபாக்கம் திருமலை அய்யங்கார் என்று ஒருவர் திரும்பத் திரும்ப வருகிறார், கிராமங்களும் பணமும் கொடுக்கிறார். யார் என்று பார்த்தால் அன்னமய்யாவின் மகன்! தெலுங்குக் கீர்த்தனைகளின் முதல் குடும்பம். அவர்கள் கோயிலுக்குக் கொடுத்த தானம் சுவரில் தமிழில் இருக்கிறது. அதே குடும்பத்தின் பாட்டுகள் செப்பேட்டில் தெலுங்கில் இருக்கின்றன. ஒரே கோயில். கிருஷ்ணதேவராயர் 1513-லிருந்து 1521-க்குள் ஏழு தடவை மலையேறினார். அவர் கொடுத்தவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். குண்டூர்க்காரர் என் மேல் போட்ட இரண்டு குண்டுகளும் நான் போட்ட குண்டும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்துக் கல்லில் இருக்கின்றன.

அப்புறம் ஏன் இவ்வளவு தமிழ்? கல்வெட்டுகளின் கடைசி வரிகளைப் பார்த்தால் ஒரு தடயம். கோயில் கணக்குப்பிள்ளை கையெழுத்து. திருநின்றவூருடையான் என்கிற பெயர் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறது. பெயரில் இருக்கும் ஊர் இன்றைய சென்னைக்கு மேற்கே இருக்கிற திருநின்றவூரை நினைவுபடுத்துகிறது. ஆக, கல்வெட்டின் மொழி கோயில் கணக்கின் மொழி. மலைக்குக் கீழே சந்தையில் என்ன பேசினார்கள் என்பதற்கு அதை மட்டும் சாட்சியாக வைக்க முடியாது. இங்கே ஆபீஸில் நாம் எழுதுகிற ஈமெயிலை வைத்து, நம் வீட்டில் என்ன மொழி பேசினோம் என்று ஐநூறு வருடம் கழித்து ஒருவன் முடிவு செய்தால் எப்படி இருக்கும்?

அந்தக் கணக்கு என்ன கணக்கு என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஒருவர் கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தைக் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டப் போடுகிறார்கள். கூடுதலாக விளைவதில் அப்பப்படி, அதிரசப்படி என்று கட்டளைதாரர் பெயரில் படையல் நடக்கும். படைத்ததில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதற்குப் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. இத்தனை மரக்கால் அரிசி, இத்தனை நாழி நெய் என்று துல்லியமாக எழுதியிருக்கிறது. பக்தி இலக்கியம் மட்டும் படித்திருந்தால் இந்த ஏரிகள் என் கண்ணில் பட்டே இருக்காது.

இதை ஒரு வாதமாகக் கட்டியவர் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன். திருமலைக் கல்வெட்டுகளை வைத்து 1960-ல் அவர் எழுதிய, பதினைந்து பக்கம்கூட வராத ஒரு கட்டுரை, ஒரு இடைக்காலக் கோயில் எப்படி பாங்காகவும் பாசன இலாகாவாகவும் வேலை செய்தது என்று காட்டியது. திருத்தணி இந்தப் பக்கம் வந்த அதே வருடம்! இங்கே சண்டை கோட்டைப் பற்றி, அங்கே ஒருவர் அதே மலையின் கணக்குப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் மகள் இந்தப் பட்டியலில் முதலில் படித்து முடித்தது இந்தக் கட்டுரையைத்தான். "அப்பா, அந்தக் கால்வாசி பிரசாதத்தை அவங்க என்ன பண்ணினாங்க? வித்தாங்களா?" என்று கேட்டாள். கேள்வி பட்டியலில் ஏறிவிட்டது.

முழு வரலாறு வேண்டுவோருக்கு எஸ். கிருஷ்ணசாமி அய்யங்காரும் டி.கே.டி. வீரராகவாச்சாரியாரும் தனித்தனியாக எழுதிய திருப்பதி வரலாறுகள் இருக்கின்றன, 1940-களிலும் 50-களிலும் வந்தவை. கனமான தொகுதிகள். நான் அகராதி மாதிரி தேவைப்பட்டபோது புரட்டுகிறேன், வரிசையாகப் படிக்கவில்லை. பல்லவ குலத்துச் சாமவை வெள்ளிப் படிமம் கொடுத்த கல்வெட்டுக்கு எந்த நூற்றாண்டு என்பதில்கூட அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்பது இப்படி ஒப்பிட்டுப் புரட்டினால்தான் தெரியும்.

இதெல்லாம் அமெரிக்காவில் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நினைப்பதைவிடச் சுலபம். 1960-களில் அமெரிக்கா இந்தியாவுக்குப் பி.எல்.480 திட்டத்தில் கோதுமை கொடுத்து, விலையை ரூபாயாக வாங்கிக்கொண்டது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி இங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நம் அம்மாக்கள் ரேஷனில் வாங்கிய கோதுமைக்கு ஈடாக வந்த தமிழ், தெலுங்குப் புத்தகங்கள் சிகாகோவிலும் பெர்க்லியிலும் அடுக்கில் இருக்கின்றன. பக்கத்து ஊர்ப் பொது நூலகத்தில் இன்டர்லைப்ரரி லோன் என்று கேளுங்கள். நாராயண ராவ் புத்தகம் எனக்கு அப்படித்தான் வந்தது. நூலகத்து அம்மையார் தலைப்பை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். காப்புரிமை தீர்ந்த பழையதெல்லாம் இணையத்திலேயே இருக்கிறது.

வெறும் வரலாறாகப் படித்தால் ஆறாவது புத்தகத்தில் மூச்சு முட்டும். அதனால் நடுநடுவே கதை. கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976), தெலுங்கு பேசும் குடும்பங்கள் தெற்கே கரிசல் காட்டுக்கு வந்து வேர் பிடித்த கதை. தெலுங்கில் நாமினி எழுதிய 'மிட்டூரோடி கதலு'. எங்கள் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு, அப்படியே அச்சில். எங்கள் தெலுங்கைப் பார்த்துக் கோஸ்தாக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், நாமினி அதைத் தூக்கி நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார். பள்ளி விட்டபின் தெலுங்கில் ஒரு முழுப் புத்தகம் நான் படித்தது அதுதான். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அன்னமய்யாவின் பாட்டுகளை நாராயண ராவும் (இவர் வெல்சேரு நாராயண ராவ், முன்னவர் வேறு) டேவிட் ஷுல்மனும் 2005-ல் மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

பட்டியல் 43-லிருந்து 14-க்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒன்று சேர வேண்டுமென்றால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது என் சட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு: எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, எதைக் கலைத்தது, அடிக்குறிப்பில் யாரைக் காட்டியது. பாதிப் புத்தகங்கள் இன்னொரு புத்தகத்தின் அடிக்குறிப்பிலிருந்து வந்தவை, கூகுளிலிருந்து அல்ல. வாட்ஸப்பில் வருகிற "தமிழா விழித்தெழு" வகையறாவும், அதன் தெலுங்குச் சகோதரரும் பட்டியலில் இல்லை. ஸ்தல புராணத்தை விரட்டவில்லை. அதற்கு வேறு கேள்வி, வேறு வருடம். சங்கப் பாடல்களும் சிலம்பும் பாசுரங்களும் கடைசி மூன்று இடத்தில் இருக்கின்றன, இந்தக் கோடைக்குள் போய்ச் சேருவேன். வேங்கடத்துக்கு அப்பால் மொழி மாறும் என்று பாடியவர்களை, அந்த மொழியும் கொஞ்சம் தெரிந்தவனாகப் படிக்கப் போகிறேன்.

நம் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு நாம் பெருமையைக் கொடுக்கிறோம், மேடையில் ஒப்பிக்கச் சொல்கிறோம். அவர்கள் இங்கே பள்ளியில் ஒரு வாக்கியம் எழுதினால் "சோர்ஸ் என்ன?" என்று கேட்டு வளர்க்கப்படுகிறவர்கள். அதே கேள்வியை வீட்டில் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அன்று காரில் எனக்கும் முதலில் வந்தது கோபம்தான், வெட்கம் வீடு வந்த பிறகு. ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்குத் தன் ஊரைப் பற்றி ஒரு கேள்வி எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு புத்தகம் படித்தால், அதில் இரண்டு தமிழில் இருந்தால், பிள்ளை எழுத்துக் கூட்டியாவது தமிழ் படிக்கும், ஏனென்றால் பதில் அங்கே இருக்கிறது. எங்கள் வீட்டில் ம.பொ.சி.யின் இரண்டு பக்கத்தை மகள் நாற்பது நிமிடத்தில் படித்தாள். யாரும் பரிசு தரவில்லை.

போன முறை ஊருக்குப் போனபோது தரிசனம் முடித்து ஓடிவரவில்லை. கோயில் சுவரெழுத்துக்கு முன்னால் மகள் நின்று எழுத்தை அடையாளம் காணப் பார்த்தாள், பின்னாலிருந்த கூட்டம் "ஜருகண்டி" என்று தள்ளியது. சந்திரகிரிக் கோட்டைக்குப் போனோம். ஏர்ப்பேடு பக்கம் குடிமல்லத்துக்கும் போனோம், நாங்கள் போன நேரத்தில் எங்களைத் தவிர நாலு பேர்தான். பெரியப்பா இப்போது இல்லை. சத்தியவேட்டைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கலாம்.

பட்டியலில் அடுத்தது தங்குடூரி பிரகாசத்தின் சுயசரிதை, 'நா ஜீவித யாத்திர'. 1946-ல் சென்னை மாகாணத்துக்குப் பிரதமர், 1953-ல் ஆந்திராவின் முதல் முதலமைச்சர். இரண்டு வீட்டிலும் தலைவராக இருந்தவர். என் தெலுங்கு அதற்குப் போதவில்லை என்பதால் வெட்கத்தை விட்டுக் குண்டூர்க்காரரைக் கூப்பிட்டேன். ஞாயிறு மாலை வருகிறார். அவர் வாசிக்க நான் கேட்பேன். பதிலுக்கு ம.பொ.சி.யை நான் தமிழில் வாசித்துத் தெலுங்கில் சொல்கிறேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. போன வாரம் ம.பொ.சி. சென்னை நகரைப் பற்றிப் பேசுகிற இடத்தில் "இது அநியாயம் சார்" என்று எழுந்தே விட்டார். நானும் பிரகாசத்திடம் அப்படி ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அது வரும்.